இன்னும் ஒரே ஒரு வேலை பாக்கி

எங்கள் வீட்டு இரும்பு கேட்டைச் செய்து மாட்டிய பிறகும் ஆறு மாதம் அவர் அதைப் பார்க்க வந்துகொண்டிருந்தார். வேங்கிக்கால் பக்கம் எந்த வேலையாக வந்தாலும் பைக்கை எங்கள் தெருவுக்குத் திருப்பிவிடுவார். மணி அடிக்கமாட்டார். கேட்டை ஒருதரம் திறந்து மூடுவார். கீலுக்குப் பக்கத்தில் காதை வைத்துக் கேட்பார். பற்றவைத்த இடத்தைக் கட்டைவிரலால் தடவுவார். நான் வெளியே வந்து என்ன என்று கேட்டால், "ஒண்ணுமில்ல சார். இன்னும் ஒரே ஒரு வேலை பாக்கி இருக்குது, அதான்" என்பார். என்ன வேலை என்று கேட்டால் சிரித்துக்கொண்டே பைக்கை எடுப்பார்.

அவருக்கு அப்போது நாற்பது வயது இருக்கும். செங்கம் ரோட்டில் தகரக் கொட்டகை போட்டு வெல்டிங் பட்டறை வைத்திருந்தார். வீடு அடி அண்ணாமலையில். ஒல்லியான ஆள். முன்கை முழுக்க நெருப்புப் பொறி தெறித்த சின்னச் சின்னத் தழும்புகள். சட்டைப் பையில் எப்போதும் ஒரு துண்டு சாக்பீஸ் இருக்கும். பேசிக்கொண்டே தரையில், சுவரில், ஒருமுறை எங்கள் சாப்பாட்டு மேஜையின் மேலும், படம் போட்டுக் காட்டுவார். ஜன்னல் கம்பி, மாடிப்படி, தண்ணீர்த் தொட்டிக்கு ஸ்டாண்டு என்று எது செய்தாலும் குறை சொல்ல முடியாது. ஒரே குறை, செய்ததை அவரிடமிருந்து வாங்குவதுதான் பெரும் பாடு.

கிரிவலப் பாதையில் இட்லிக் கடை வைத்திருந்த ஒரு அம்மாவுக்கு அவர் தள்ளுவண்டி செய்த கதை ஊரில் பலருக்குத் தெரியும். ஒரு பௌர்ணமிக்குள் தருவதாகச் சொன்ன வண்டி, மூன்று பௌர்ணமி போயும் பட்டறையிலேயே நின்றது. ஒவ்வொரு முறையும் ஒரு வேலை பாக்கி. கடைசியில் அந்த அம்மா தங்கையையும் அண்ணன் மகனையும் கூட்டி வந்து, "பாக்கி வேலைய நான் ஓட்டிக்கிட்டே பாத்துக்கறேன்" என்று தானே தள்ளிக்கொண்டு கிளம்பிவிட்டார். இவர் சண்டை போடவில்லை. வண்டியின் பின்புறக் கம்பியை ஒரு கையால் பிடித்தபடி, கடை வைக்கும் இடம்வரை கூடவே நடந்து போனாராம். இந்தக் கதையை அவர் முன்னாலேயே சொல்லிச் சிரித்திருக்கிறோம். அவரும் சிரிப்பார்.

என் மனைவி வசந்தாவுக்குப் பெருங்குடலில் கட்டி வந்து, அந்தப் பகுதியை வெட்டி எடுத்தார்கள். உயிர் பிழைத்தாள். ஆனால் அதற்குப் பிறகு அரை மணி நேரத்துக்கு ஒருதரம் கழிப்பறை போயாக வேண்டும். சில சமயம் அதற்கும் முன்னால். அடக்க முடியாது. வீட்டுக்குள் இருக்கும்வரை அது ஒரு பிரச்சினையாகத் தெரியவில்லை. விழுப்புரத்தில் ஒரு கல்யாணத்துக்குக் கிளம்பிய நாளில்தான் தெரிந்தது. வழியில் இருந்த பெட்ரோல் பங்கில் கழிப்பறையைப் பூட்டி வைத்திருந்தார்கள். சாவி வைத்திருந்தவர் டீ குடிக்கப் போயிருந்தார். பட்டுப்புடவையோடு அவள் அந்தக் கதவின் முன்னால் நின்றது இன்னும் என் கண்ணில் இருக்கிறது. அங்கிருந்தே திரும்பிவிட்டோம். அதன் பிறகு அவள் தெருமுனைக் கடைக்குக்கூடப் போகவில்லை.

அவளுக்கு ஒரே ஓர் அக்கா, பெரியக்கா என்றுதான் வீட்டில் சொல்வோம். நாகப்பட்டினத்தில் இருந்தார். எங்கள் அவசரத்துக்கெல்லாம் முதலில் வந்து நின்றவர். வசந்தாவின் ஆபரேஷனுக்கு இருபத்தெட்டு நாள் ஆஸ்பத்திரித் தரையில் படுத்தவர். அவருக்கு நுரையீரலில் நோய் வந்தபோது இவளால் போய்ப் பார்க்க முடியவில்லை. தினமும் போனில் முகத்தைப் பார்த்துக்கொள்வார்கள். 

இதையெல்லாம் பட்டறைக்காரரிடம் நான் சொன்னதில்லை. ஒரு நாள் மாடிக்குக் கைப்பிடி மாட்ட வந்தபோது வசந்தாவே சொல்லியிருக்கிறாள். அடுத்த வாரம் அவர் வந்து, கிரிவலப் பாதையில் ஒரு வெளிநாட்டுத் தம்பதி நிறுத்தியிருந்த வண்டிக்குப் படி பற்றவைக்கப் போனதாகவும், உள்ளே அடுப்பு, கட்டில், கழிப்பறை எல்லாம் இருந்ததாகவும் கையை விரித்து விரித்துக் காட்டினார். அப்புறம் சாக்பீஸை எடுத்து எங்கள் முன்வாசலில் ஒரு பெட்டி வரைந்தார். கீழே இரண்டு சக்கரம், முன்னால் ஒரு கொக்கி.

"உங்க ஜீப்புக்குப் பின்னாடி இத மாட்டிக்கலாம் சார். அம்மாவுக்கு எப்ப வேணுமோ ஓரமா நிறுத்துங்க. அவங்க வீட்டு பாத்ரூம் அவங்க பின்னாடியே வரும்."

வசந்தா அந்தக் கோட்டுப் படத்தின் மேல் மிதிக்காமல் சுற்றிக்கொண்டு உள்ளே போனாள். மழை வந்து அழிக்கும்வரை அதைப் பெருக்கவும் விடவில்லை.

நான் நில அளவைத் துறையில் இருந்து ஓய்வு பெற்றவன். அளவு எடுப்பதில் எனக்கு ஒரு கர்வம் உண்டு. அதை அவர் உடைத்தார். கழிப்பறைக்குள் பிடித்து எழுந்திருக்க ஒரு கம்பி வைக்க வேண்டும். நான் டேப்பை எடுத்தேன். அவர் வேண்டாம் என்று சொல்லிவிட்டு, வசந்தாவை ஒரு ஸ்டூலில் உட்காரவைத்துக் கண்ணை மூடச் சொன்னார். "இப்ப எழுந்துக்கணும்னா கை தானா எங்க போவுதோ அங்க வைங்க" என்றார். அவள் கை வைத்த இடத்தில் சாக்பீஸால் புள்ளி வைத்தார். இப்படி மூன்று முறை. மூன்று புள்ளிகளும் ஒரு விரல்கடைக்குள் இருந்தன. கம்பி அங்கேதான் வந்தது.

என் ஓய்வுப் பணத்தில், சித்திரையில் ஆரம்பித்த வேலை. இரும்புச் சட்டம், அதன் மேல் அலுமினியத் தகடு, உள்ளே வெயில் இறங்காமல் இருக்கத் தெர்மாகோல், அதன் மேல் பிளைவுட். கூரையில் சோலார் தகடு. கட்டிலுக்கு அடியில் பேட்டரி. தொட்டியிலிருந்து தண்ணீர் இழுக்க ஒரு சின்ன பம்ப். கழிவு ஒரு மூடிய தொட்டியில் சேரும், அதைத் தனியாக வெளியே எடுத்துக் கழுவலாம். ஒவ்வொரு சுவிட்சும் எதற்கு என்று கதவின் உட்புறம் தன் கையாலேயே எழுதி ஒட்டினார். பதிவு அலுவலகத்துக்கு நான்தான் அலைந்தேன். வசந்தா ஜன்னலுக்கு மஞ்சள் துணியில் திரை தைத்தாள்.

முதல் ஓட்டத்தில் வண்டி நாற்பது கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டியதும் வாலை ஆட்டியது. ஜீப்பையே இடமும் வலமும் இழுத்தது. நான் பதறிப்போய் ஓரம் கட்டினேன். அவர் பதறவில்லை. பட்டறைக்குத் திரும்பியதும் எங்கள் வீட்டு எடை பார்க்கும் மெஷினை எடுத்துவரச் சொன்னார். வண்டியின் முன்மூக்கை அதன் மேல் இறக்கினார். "பின்னாடி ஜாஸ்தி, முன்னாடி கம்மி. அதான் ஆடுது" என்றார். பின்மூலையில் இருந்த தண்ணீர்த் தொட்டியைப் பிரித்து, சக்கரத்துக்கு முன்னால் கொண்டுவந்து மாட்ட நான்கு நாள் ஆயிற்று. அடுத்த ஓட்டத்தில் பின்னால் வண்டி இருப்பதே தெரியவில்லை.

ஐப்பசி மழையில் கூரை ஓரம் ஒழுகியது. கொட்டும் மழையில் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தார். எங்கெங்கே சொட்டுகிறதோ அங்கெல்லாம் சாக்பீஸால் வட்டம் போட்டார். வெளியே வந்தபோது உச்சி முதல் பாதம்வரை நனைந்திருந்தார். முகத்தில் இருந்தது என்ன என்று அன்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. எங்கள் மகன் பிறந்தபோது ஆஸ்பத்திரிக் கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டு நின்ற என் முகம் அப்படித்தான் இருந்திருக்கும்.

அதற்குள் அவர் வசந்தாவை அம்மா என்பதை விட்டு அக்கா என்று கூப்பிட ஆரம்பித்திருந்தார். அவளுக்கு அவர் தம்பி. எங்கள் மகன் வெளிநாட்டில் இருக்கிறான். வருடத்துக்கு ஒருமுறை வந்தால் அதிகம். அந்த இடத்தில் இவர் வந்து உட்கார்ந்தார் என்று சொன்னால் மிகை இல்லை. மத்தியானம் வந்தால் சாப்பிடாமல் போகவிடமாட்டாள். வண்டிக்கு இரண்டு சாவி. ஒன்றை அவரே வைத்துக்கொள்ளட்டும் என்று சொன்னவளும் அவள்தான்.

தீபக் கூட்டம் எல்லாம் ஓய்ந்த பிறகு முதல் பயணத்துக்கு நாள் குறித்தோம். காலையில் அவர் எலுமிச்சம்பழமும் மாலையும் வாங்கி வந்தார். டயரில் காற்று பார்த்தார். கொக்கியைப் பார்த்தார். பிறகு ஒரு சாக்கை விரித்து, "அடியில ஒரு தடவ பாத்துடறேன்" என்று வண்டிக்குக் கீழே போனார். வெளியே வந்தபோது முகம் வாடியிருந்தது. தண்ணீரைத் திறந்து பார்க்கச் சொன்னார். குழாயில் சொட்டுத் தண்ணீர் வரவில்லை. பம்ப் ஓடவில்லை. கழிப்பறையில் தண்ணீர் இல்லாமல் வசந்தாவால் பத்துக் கிலோமீட்டர்கூடப் போக முடியாது. அவரே கொக்கியைத் தன் லோடு வேனில் மாட்டிப் பட்டறைக்கு இழுத்துக்கொண்டு போனார். பதினோரு நாள் கழித்துக் கொண்டுவந்து விட்டார். பம்ப் கச்சிதமாக ஓடியது.

மார்கழி பிறந்ததும் இரண்டாவது முறை. அதே எலுமிச்சம்பழம், அதே சாக்கு. அதே மாதிரி தண்ணீர் நின்றது. இந்தத் தடவை பம்ப்பே எரிந்துபோய்விட்டது, புதுசு சென்னையில் இருந்து வர வேண்டும் என்றார். மாதம் முழுக்க வண்டி அவரிடம் இருந்தது. எனக்கு எரிச்சல்தான். ஆனால் அவர் மேல் இல்லை. எங்கள் அதிர்ஷ்டத்தின் மேல்.

அந்த மாதத்தில் ஒரு மத்தியானம் அவர் எங்கள் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது நாகப்பட்டினத்திலிருந்து போன் வந்தது. பெரியக்காவுக்கு அப்போதே மூக்கில் ஆக்ஸிஜன் குழாய் வைத்திருந்தார்கள். "வண்டி கட்டறாரே, அவரைக் காட்டு" என்றார். வசந்தா போனை அவர் முகத்துக்கு நேரே பிடித்தாள். கையில் சோற்றோடு அவர் எழுந்து நின்றார். பெரியக்கா, எங்கள் வசந்தாவை எப்போது கொண்டுவந்து விடுவீர்கள் என்று கேட்டார். ஒவ்வொரு சொல்லுக்கும் நடுவில் மூச்சு வாங்கினார்.

"பொங்கல் முடிஞ்சதும் உங்க வாசல்ல நிக்கும்க்கா" என்றார் அவர்.

பெரியக்கா கும்பிட்டார். டாக்டர் கோடைவரை தாங்கும் என்று சொல்லியிருந்ததால் எங்களுக்கும் அவசரம் தெரியவில்லை.

பொங்கல் முடிந்தது. வெள்ளிக்கிழமை வண்டி வர வேண்டும், சனிக்கிழமை நாங்கள் கிளம்ப வேண்டும். வெள்ளி மாலை அவர் போன் செய்தார். சக்கரத்தில் பேரிங் சத்தம் போடுகிறது, மாற்றாமல் அவ்வளவு தூரம் அனுப்ப மனசு வரவில்லை, செவ்வாய்க்கிழமை கட்டாயம் என்றார். ஞாயிறு காலை பெரியக்காவுக்கு நிலைமை சரியில்லை என்று தெரிந்தது. வசந்தா தானே அவரைக் கூப்பிட்டு, பேரிங் சத்தம் போட்டாலும் பரவாயில்லை, மெதுவாக ஓட்டிக்கொள்கிறோம், இன்றைக்கே கொடுத்துவிடு என்று கேட்டாள். போனில் மேளச் சத்தம் கேட்டது. ஒரு விசேஷத்தில் இருக்கிறேன், சக்கரத்தைக் கழற்றிப் போட்டிருக்கிறது, இன்றைக்கு முடியாது என்றார்.

திங்கள் காலை பெரியக்கா போய்விட்டார்.

ஜீப்பிலேயே கிளம்பினோம். பெரியவர்களுக்குக் கட்டும் டயப்பரை வைத்துக்கொண்டு, மேலே பழைய புடவை ஒன்றைச் சுற்றிக்கொண்டு வந்தாள். ஒன்பது இடத்தில் நிறுத்தினோம். இரண்டு இடத்தில் முள்ளுச்செடி மறைவுதான் கிடைத்தது. நான் சாலையைப் பார்த்தபடி ஒரு போர்வையை விரித்துப் பிடித்துக்கொண்டு நின்றேன். நாலு மணிக்கு எடுத்துவிட்டார்கள். நாங்கள் போய்ச் சேர்ந்தது ஐந்தரைக்கு. வாசல் கழுவி ஈரமாக இருந்தது. உள்ளே போனதும் அவள் முதலில் கேட்டது கழிப்பறை எங்கே என்றுதான். அதைச் சொல்லிச் சொல்லித்தான் பிறகு அழுதாள்.

வண்டி செவ்வாய்க்கிழமை வந்து எங்கள் வாசலில் நின்றது, நாங்கள் ஊரில் இல்லாதபோது. பதினாறாம் நாளுக்கு முன்னால் அவர் துக்கம் விசாரிக்க வந்தார். தரையில் உட்கார்ந்து தலையைக் குனிந்துகொண்டிருந்தார். வசந்தா அவரைத் தேற்றினாள். நீ என்ன பண்ணுவாய், மெஷின்தானே என்றாள்.

மூன்றாம் மாதத் திதிக்கு நாகப்பட்டினம் போகத் தீர்மானித்தபோது அவர் போன் கிடைக்கவில்லை. உறவுக்காரர் வீட்டுக்கு ஆரணி பக்கம் போயிருப்பதாகப் பட்டறையில் சொன்னார்கள். அவர் பார்க்காமல் கிளம்புவது எனக்குக் கொஞ்சம் பயமாகக்கூட இருந்தது. டயரை நானே பார்த்தேன். கொக்கியை இரண்டு முறை ஆட்டிப் பார்த்தேன். கிளம்பிவிட்டோம்.

ஒரு குறையும் இல்லாமல் ஓடியது. பண்ருட்டி தாண்டி ஒரு புளியமரத்தடியில் நிறுத்தினோம். வசந்தா கழிப்பறைக்குள் இருந்தாள். அவளுடைய மாத்திரை அட்டை கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவில் விழுந்துவிட்டது. நான் போர்வைப் பெட்டியை நகர்த்திவிட்டுக் கையை உள்ளே விட்டுத் துழாவினேன். விரலில் ஏதோ பட்டு, டக் என்று ஒரு சத்தம். உள்ளே தண்ணீர் நின்றுவிட்டது.

"தண்ணி நின்னுபோச்சுங்க" என்றாள் அவள் உள்ளேயிருந்து.

மறுபடி தடவினேன். டக். தண்ணீர் வந்தது. இன்னொருதரம் அழுத்தினேன். நின்றது. டார்ச் அடித்துப் பார்த்தேன். நகம் அளவில் ஒரு கறுப்பு சுவிட்ச், பம்ப்புக்குப் போகும் வயரை நடுவில் வெட்டி அதில் கோத்திருந்தது. அதற்கு நேர் கீழே தரைப் பலகையில் கை நுழையும் அளவுக்கு ஓட்டை, ஒரு ரப்பர் மூடி போட்டு. கதவில் ஒட்டியிருந்த பட்டியலைப் போய்ப் படித்தேன். பதினான்கு சுவிட்சுகளை எழுதியிருந்தார். இது அதில் இல்லை. நான் தார்ச்சாலை ஓரம் படுத்து, வண்டிக்கு அடியில் போய், அந்த ஓட்டையில் கையை விட்டுப் பார்த்தேன். சாக்கு விரித்துப் படுப்பவருக்கு அது சரியாக வலது கைக்கு எட்டும்.

வசந்தா வெளியே வந்து கேட்டாள். காட்டினேன். வெகுநேரம் பார்த்தாள். "எழுத மறந்திருப்பாரு" என்றாள். 

திரும்பி வந்ததும் நான் முதலில் அவர் பட்டறைக்குப் போகவில்லை. அடி அண்ணாமலைக்குப் போனேன். ஏன் என்று கேட்டால், இன்னும் ஒரு சமாதானம் கிடைக்கும் என்று நினைத்தேனோ என்னவோ. அவர் வீட்டுக்கு எதிரில் ஒரு பெட்டிக்கடை. சோடா வாங்கிக்கொண்டு, ஒரு சந்தேகத்தில், எதிர்வீட்டுக்காரர் ஏதோ வீடு மாதிரி வண்டி வைத்திருந்தாராமே, எனக்கும் அப்படி ஒன்று வேண்டும் என்றேன். கடைக்கார அம்மாவுக்கு அதைப் பற்றிப் பேச ஆசையாக இருந்தது.

"அவரு சொந்த வண்டிதான் சார் அது. மார்கழி பூரா இங்கதான் நின்னுச்சு. காலைல கோலம் போட்டா அவங்க வீட்டம்மா அதையும் உள்ள வச்சி சுத்திப் போடுவாங்க. தங்கச்சி பொண்ணு சடங்குக்கு மாமன் சீர் மொத்தமும் அதுலதான் எடுத்துட்டுப் போனாரு. மேளம் இன்னா, மாலை இன்னா. அந்தத் தங்கச்சி வீட்டுக்காரங்க இவர ஒரு ஆளா மதிச்சதே இல்ல. அன்னிக்கு எல்லாம் வாயப் பொத்திக்கிட்டாங்க."

எப்போது நடந்தது என்று கேட்டேன். பொங்கல் முடிந்த மறு ஞாயிறு என்றார். தன் போனில் படமும் காட்டினார். நாற்பது ஐம்பது பேர் வரிசையாக நிற்கிறார்கள். நடுவில் பட்டு வேட்டியில் அவர். பின்னால் தோரணம் கட்டிய எங்கள் வண்டி, சக்கரங்கள் இரண்டும் இருந்த இடத்தில் இருக்கின்றன. ஜன்னலில் வசந்தா தைத்த மஞ்சள் திரை.

வீட்டுக்கு வந்து எல்லாவற்றையும் சொன்னேன். மறைக்கலாமா என்று யோசித்தேன், முடியவில்லை. வசந்தா எழுந்து புடவை மாற்றிக்கொண்டு, நானும் வருகிறேன் என்றாள். வேங்கிக்காலில் இருந்து செங்கம் ரோட்டுக்கு இருபது நிமிடம் ஆகும். வண்டி இல்லாமல், ஜீப்பில் என் பக்கத்திலேயே உட்கார்ந்து வந்தாள்.

அவர் ஒரு ஷட்டருக்குச் சட்டம் பற்றவைத்துக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் முகமூடியைத் தூக்கி, நாற்காலியைத் துடைத்துப் போட்டார். வசந்தா உட்காரவில்லை.

"கட்டிலுக்கு அடியில ஒரு சுவிட்சு இருக்குதே, அது எதுக்கு தம்பி?"

அவர் முகமூடியைக் கழற்றிக் கீழே வைத்தார். பாதுகாப்புக்காக வைத்தது, பேட்டரி சூடானால் நிறுத்துவதற்கு என்று ஏதோ ஆரம்பித்தார். பாதியில் நிறுத்திக்கொண்டார். கையுறையைக் கழற்றினார், மறுபடி மாட்டிக்கொண்டார்.

வசந்தா குரலை உயர்த்தவில்லை. "எங்க அக்கா உன்கிட்ட போன்ல பேசினாங்க இல்ல. அன்னிக்கு வண்டி நல்லா இருந்துச்சா?"

"நல்லாதான்க்கா இருந்துச்சு."

"ஞாயித்துக்கிழமை நான் கூப்பிட்டப்போ?"

அவர் தரையைப் பார்த்தார். "அன்னிக்கி ஒரு நாள் மட்டும்தான்க்கா. நீங்க கூப்பிட்டதும் திங்கக்கிழமை காலைலயே குடுத்துடலாம்னு இருந்தேன்."

முன்னால் இரண்டு தடவை எதற்கு என்று நான் கேட்டேன்.  அவர் என்னைப் பார்க்காமல், கொட்டகைக்கு வெளியே வண்டி வழக்கமாக நிற்கும் காலி இடத்தைப் பார்த்துப் பேசினார். ஊர் முழுக்க இரும்பு கேட்டும் ஜன்னலும் செய்திருக்கிறேன் சார், அதில் எல்லாம் என்ன இருக்கிறது, யார் வேண்டுமானாலும் செய்வார்கள், இது ஒன்றுதான் நானாகச் செய்தது, நீங்கள் எடுத்துக்கொண்டு போய்விட்டால் அப்புறம் எனக்கு என்ன இருக்கிறது, இன்னும் ஒரு வாரம், இன்னும் ஒரு வாரம் என்று தோன்றிக்கொண்டே இருந்தது என்றார். மன்னிப்பு என்ற சொல்லை அவர் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நான் அடித்திருப்பேனோ என்று பயமாக இருக்கிறது.

"கேட்டிருந்தா குடுத்திருப்பேனே தம்பி" என்றாள் வசந்தா. "சடங்குக்கு வேணும்னு ஒரு வார்த்த கேட்டிருந்தா."

அவள் கொடுத்திருப்பாள். அது எனக்குத் தெரியும். நான் கொடுத்திருக்கமாட்டேன். அதையும் அவர் அறிந்திருப்பார்.

அந்த சுவிட்சை வந்து எடுத்துவிடுகிறேன் சார் என்றார். இனி வண்டியைத் தொடாதீர்கள் என்று சொல்லிவிட்டு, அவரிடமிருந்த சாவியைக் கேட்டேன். சட்டைப் பையில் சாக்பீஸோடு கிடந்தது. வெள்ளைத் தூள் ஒட்டிய சாவியை என் கையில் வைக்காமல் நாற்காலியின் மேல் வைத்தார். வசந்தா எடுத்துக்கொண்டாள். திரும்பும் வழியில் இரண்டு இடத்தில் ஜீப்பை நிறுத்த வேண்டியிருந்தது. ஒரு துணிக்கடையில் கேட்டேன், இல்லை என்றார்கள். ஒரு லாட்ஜில் விட்டார்கள்.

அன்றே கட்டிலைத் தூக்கிவைத்து, அந்த சுவிட்சை நானே வெட்டி எடுத்து வயரை ஒட்டினேன். பழக்கமில்லாத கை. டேப்பை மூன்று முறை சுற்றிப் பிரித்தேன். யார்மீது கோபம் என்று அப்போது எனக்குத் தெளிவாக இல்லை. ஒரு மனிதரை வீட்டுக்குள் விட்டோம். சாப்பாடு போட்டோம். என் மனைவி எங்கே கை வைத்து எழுந்திருப்பாள் என்பதுவரை அவருக்குத் தெரியும். தண்ணீர் நின்றால் அவளால் எங்கும் போக முடியாது என்பது தெரிந்ததால்தான் சுவிட்சைத் தண்ணீருக்கு வைத்தார். விளக்குக்கு வைத்திருந்தால் நாங்கள் இருட்டிலேயே போயிருப்போம். இதை மட்டும் என்னால் தாண்டி வர முடியவில்லை. பெரியக்கா எப்படியும் பிழைத்திருக்கமாட்டார். ஆனால் அந்த ஞாயிற்றுக்கிழமை இரண்டு சகோதரிகளும் ஒரே அறையில் இருந்திருப்பார்கள்.

அவர் எங்கள் வீட்டுக்கு வருவதில்லை. ஆனால் எங்கள் தெரு வழியாகப் போவதை நிறுத்தவில்லை. மாதத்துக்கு ஒருமுறையாவது பார்க்கிறேன். வாசலுக்கு நேரே வந்ததும் பைக்கின் வேகம் குறையும். நான் நிற்கிறேனா என்று பார்ப்பதில்லை. எங்கள் வாசல் கொட்டகையில் நிற்கும் வண்டியைத்தான் பார்ப்பார். டயரில் காற்று இறங்கியிருந்தால் அவர் கண்ணில் படாமல் இருக்காது என்று எனக்குத் தோன்றும். உடனே உள்ளே போய்க் காற்றடிக்கும் பம்ப்பை எடுத்து வந்து அடிப்பேன்.

நாங்கள் இப்போது நிறையப் போகிறோம். பாண்டிச்சேரி, தரங்கம்பாடி, ஒருமுறை ராமேஸ்வரம்வரை. வண்டி இதுவரை ஒருமுறைகூட எங்கேயும் நின்றதில்லை. கடும் மழையில் ஒரு சொட்டு ஒழுகவில்லை. மோசமான சாலையில் ஒரு ஆணி கழலவில்லை. நிற்கிற இடத்தில் எல்லாம் யாராவது வந்து சுற்றிப் பார்க்கிறார்கள், தட்டிப் பார்க்கிறார்கள். எங்கே கட்டினது என்று கேட்டால், எங்கள் ஊரில்தான் என்று சொல்லிவிட்டுப் பேச்சை மாற்றுவேன்.

போன மாதம் வேளாங்கண்ணிக்குப் பக்கத்தில் கடற்கரையோரம் நிறுத்தியிருந்தோம். தஞ்சாவூரிலிருந்து வந்திருந்த ஒரு ரிட்டயர்டு பேங்க் மேனேஜர் உள்ளே வந்து பார்த்தார். அவர் மனைவிக்கு மூட்டுவலி, பஸ்ஸில் ஏற முடியாது. கழிப்பறைக் கைப்பிடியைப் பிடித்துப் பார்த்தவர், இவ்வளவு பார்த்துச் செய்கிற ஆளை விடக்கூடாது என்று போனை எடுத்துக்கொண்டு, நம்பர் கொடுங்கள் என்றார். நான் வசந்தாவைப் பார்த்தேன். அவள் அடுப்பில் காபி வைத்துக்கொண்டிருந்தாள். திரும்பாமலேயே பதில் சொன்னாள்.

"ரொம்ப நல்லா கட்டுவாருங்க. ஆனா குடுக்கமாட்டாரு."